பாலக்கரை வழியாக ஆஸ்திரேலியா

சுதந்திரம் வந்த கையோடு நம் கிரிக்கெட் அணி முதல் தடவையாக ஆஸ்திரேலியாவுக்குப் போயிற்று. ஐந்து டெஸ்ட் மாட்சுகள். அதே பருவத்தில் நானும் போனேன். அவர்கள் கடலைத் தாண்டிப் போனார்கள். நான் காவேரியைத் தாண்டிப் போனேன். ஸ்ரீரங்கத்திலிருந்து தூரம் நாலு மைல். போக வர ஏழு அணா. ஆஸ்திரேலியாவுக்கு இதைவிட மலிவான மார்க்கம் எனக்குத் தெரிந்து கிடையாது. அடுத்த பனிக்காலத்தில் மேற்கிந்தியர்கள் நம் நாட்டுக்கே ஆட வருகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. சென்னைக்குப் போய்ப் பார்க்க லீவும் வசதியும் இல்லாதவர்கள் பாலக்கரைக்குத்தான் போக வேண்டியிருக்கும். அவர்களுக்கு உபயோகப்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

புறப்பட்ட காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. யாத்திரை போகிறவர்கள் புண்ணியம் என்பார்கள், தேக சௌக்கியம் என்பார்கள், நாலு இடம் பார்த்தால் அறிவு விருத்தியாகும் என்பார்கள். என் காரணம் என் சகலை. பெயர் சம்பத். என் மனைவி கோமளத்தின் அக்காளைக் கல்யாணம் செய்துகொண்டவர். எங்கள் வீதியிலேயே எதிர்ச்சாரியில் குடியிருக்கிறார். இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். அந்த உத்தியோகத்தில் ஒரு சௌகரியம், ஆள் எங்கே இருந்தாலும் வேலையில் இருப்பதாகவே அர்த்தம். நான் ஹைஸ்கூல் வாத்தியார். பகல் பத்து மணிக்கு நான் எங்கே இருக்கிறேன் என்பது ஊருக்கே தெரியும்.

அதுவரைக்கும் எங்கள் வீதியில் கிரிக்கெட் என்றால் நான்தான். சென்னை இங்கிலீஷ் பத்திரிகையைச் சந்தா கட்டி வாங்குகிறவன் நான் ஒருவன். காலை ரயிலில் வரும் பத்திரிகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீதிமுனைக் காபி கிளப்புக்குப் போனால் பத்துப் பேராவது காத்திருப்பார்கள். ஸ்கோரைப் படிப்பேன். யார் எப்படி அவுட் ஆனார், அப்படி ஆகாமலிருக்க என்ன செய்திருக்க வேண்டும் என்று விளக்குவேன். கிளப் முதலாளி எனக்கு மட்டும் டபரா விளிம்பு வரை நுரை வைத்துக் கொடுப்பார். இது ஒரு பதவி என்று அப்போது நான் நினைக்கவில்லை. போன பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது டெஸ்டின்போது ஒரு சாயங்காலம் கோமளம் புளி கரைத்துக்கொண்டே, "நம்மவா இன்னிக்கு ஆல் அவுட்டாம். சம்பத் அத்திம்பேர் சொன்னாராம்" என்றாள்.

"இன்னிக்கு ஆடினது நாளைக்குக் காலம்பர பேப்பர்லதான் வரும்" என்றேன்.

"அது உங்களுக்கு. அத்திம்பேருக்கு மத்தியானமே வந்துடறது."

மறுநாள் பத்திரிகை அத்திம்பேரை ஊர்ஜிதம் செய்தது. கிளப்பில் நான் படிக்க ஆரம்பித்ததும் ஒருவர் கொட்டாவி விட்டார். "அது பழசு ஓய், சம்பத் நேத்திக்கே சொல்லியாச்சு" என்றார் இன்னொருவர். காபியில் நுரை இருந்தது, பேருக்கு இருந்தது.

சம்பத்தையே கேட்டேன். "பாலக்கரைல ஒரு பார்ட்டி இருக்கான் ஓய், பாலிசி விஷயமாப் போறேன். அங்கே காதில் விழறது" என்றார். விசாரித்ததில், காதர் பாய் என்பவரின் தோல் மண்டியில் பெரிய ரேடியோ ஒன்று இருப்பதும், அதில் சிற்றலையில் ஆஸ்திரேலிய வர்ணனை நேராக வருவதும், அங்கே காலை எட்டு மணியிலிருந்து கூட்டம் கூடுவதும் தெரிந்தது. பாலிசி எடுக்கும் உத்தேசம் காதர் பாய்க்கு இல்லையென்பதும் தெரிந்தது. நாலாவது டெஸ்டின் மூன்றாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் காஷுவல் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன்.

மொட்டைக் கோபுர வாசலில் ஏழு மணி பஸ். யுத்த காலத்தில் கரியில் ஓடப் பழகிய வண்டி. பெட்ரோல் கிடைத்த பிறகும் பழைய ஞாபகத்தில் இருமிக்கொண்டே போகும். மெயின் கார்டு கேட்டுக்கு டிக்கெட் ஒன்றரை அணா. இடது பக்கம் உட்கார்ந்தால் பாலத்தின் மேல் போகும்போது வெயில் முகத்தில் அடிக்கும். வலது பக்கம் உட்கார்ந்தால் நின்றுகொண்டிருப்பவர்களின் பைகள் முகத்தில் அடிக்கும். தை மாசம், ஆற்றில் தண்ணீர் நடுவோடு ஓடிக்கொண்டிருந்தது. மலைக்கோட்டை கண்ணில் படும்போது பக்திமான்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நான் சம்பத் எந்த பஸ்ஸில் போயிருப்பார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மெயின் கார்டு கேட்டிலிருந்து பாலக்கரைக்கு ஜட்கா. மூன்றணா கேட்பார்கள், இரண்டணா கொடுக்கலாம். எனக்குக் கிடைத்த வண்டிக்காரர் பெயர் அந்தோணி. பாலக்கரைக்காரர்.

"பாலக்கரைல எங்க சாமி?" என்றார்.

"காதர் பாய் தோல் மண்டி."

"மேட்சுக்கா? அப்படிச் சொல்லுங்க. தண்ணி ஊத்துற சாமி இருக்காரே, அந்தக் கடைதானே."

"எந்தச் சாமி?"

"உங்க ஊருக்காரருதாங்க. செவப்பா, ஒசரமா, கடுக்கன் போட்டுக்கிட்டு இருப்பாரு. அவரு கை பட்டாத்தான் ரேடியோவே பேசுது. நம்ம ஆளுங்க நாலு அடி அடிக்கிறதே அவரு ஊத்துறதாலதான்னு பாய் சொல்றாரு."

சம்பத் சிவப்பு இல்லை. உயரம் என்னைவிட அரை அங்குலம் இருந்தால் அதிகம். இதை அந்தோணியிடம் சொன்னேன். அவர் குதிரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு அப்படித் தெரிஞ்சுதுங்க" என்றார்.

தோல் மண்டியைக் கண்டுபிடிக்க விலாசம் வேண்டாம். பதனிட்ட தோலின் வாடையும் ஆவாரம்பட்டையின் வாடையும் தெருமுனைக்கே வந்து அழைத்துப்போகும். முதல் கால் மணி நேரம் தலை சுற்றும். பிறகு பழகிவிடும். வீட்டுக்குத் திரும்பினால் வீட்டிலுள்ளவர்களுக்குப் பழகாது. ஆகையால் திரும்பும்போது அம்மா மண்டபத்தில் இறங்கி ஆற்றில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வருவது உசிதம்.

மண்டியில் நாற்பது பேர் இருப்பார்கள். தோல் கட்டுகள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மேஜை, அதன்மேல் ரேடியோ. ரயில்வே துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டதைக் காதர் பாய் ஏலத்தில் எடுத்தாராம். ரேடியோவின் முதுகிலிருந்து ஒரு செம்புக் கம்பி ஜன்னல் வழியாக வெளியே போய், தரையில் அறைந்த இரும்புக் குழாயில் முடிந்தது. அதற்கு எர்த் என்று பெயர். குழாயைச் சுற்றி மண் ஈரமாக இருந்தால் வர்ணனை தெளிவாகக் கேட்கும். காய்ந்தால் ஆஸ்திரேலியா மறைந்து, அப்பளம் பொரிகிற சத்தம் வரும்.

ஜன்னல் ஓரத்தில் ஒரே ஒரு நாற்காலி. மெத்தை போட்டது. அதில் சம்பத் உட்கார்ந்திருந்தார். கையில் பித்தளைச் செம்பு, பக்கத்தில் வாளி. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, நூல் பிடித்தாற்போல ஒரு தாரை விட்டுக்கொண்டிருந்தார்.

"வாரும் ஓய், நீரும் வந்துட்டீரா" என்றார். "உட்காரும். அதோ அந்தக் கட்டுமேல இடம் இருக்கு. வேஷ்டியைப் பார்த்துக்கும், சாயம் ஒட்டிக்கும்."

காதர் பாய் எழுந்து வந்தார். பெரிய மனிதர், குரல் சின்னது. "சம்பத் சாருக்குச் சொந்தக்காரரா? உக்காருங்க, உக்காருங்க. ஆரம்பத்துல இந்த வேலைய நாங்கதான் செஞ்சோம். வாளியோட கொட்டுவாங்க, ரேடியோ ஊளையிடும். ஒரு நாள் இவரு பாலிசி பேச வந்தாரு. விடுங்க நான் ஊத்தறேன்னாரு. ஊத்துன ஒடனே சத்தம் கண்ணாடியா வந்துச்சு. அந்தப் பந்துலயே நம்ம ஆளு ஃபோர் அடிச்சாரு. மாஷா அல்லா, அன்னைலேர்ந்து செம்பு அவர் கைதான்."

அப்போது சோடா வந்தது. முதல் சோடா சம்பத்துக்கு. பிறகு மற்றவர்களுக்கு.

இந்த இடத்தில் வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். ஸ்ரீரங்கத்தில் பிறந்தவனுக்குச் சொத்து என்பது வீடு, நிலம் அல்ல. பெருமாள் முன்னால் பிரபந்தம் சொல்லும் கோஷ்டியில் எத்தனையாவது இடம் என்பதுதான். சேவித்து முடிந்ததும் தீர்த்தம் கொடுப்பார்கள். அதை யார் முதலில் கையேந்துவது, யார் இரண்டாவது என்பதற்குக் கோர்ட்டுப் படியேறி, வழக்கைப் பேரன் கையில் விட்டுப் போனவர்கள் உண்டு. எங்கள் வீதிக்காரர்கள் ஒரு சின்ன மண்டபத்தில் திருநாள்தோறும் நடத்தும் கோஷ்டியில் சம்பத் குடும்பத்துக்கு மூன்றாவது இடம், எங்கள் குடும்பத்துக்கு நாலாவது. அதாவது எனக்கு நினைவு தெரிந்த நாளாக நான் பார்த்து வந்தது சம்பத்தின் முதுகை. பாலக்கரைக்கு வந்தால், அங்கே அவருக்கு முதல் இடம். எனக்குத் தோல் கட்டு.

அன்றைய ஆட்டத்தைப் பத்திரிகைகள் எழுதிவிட்டன. எதிர்த்தரப்பு மலைபோல் குவித்துவிட்டு உட்கார்ந்திருந்தது. நம் விக்கெட்டுகள் சில மளமளவென்று விழுந்த பிறகு, பேசாமல் ஆடும் ஒருவரும் புதுப்பையன் ஒருவனும் சேர்ந்து நின்றார்கள். நின்றவர்கள் நகரவில்லை. ஒவ்வொரு ஓவருக்கும் சம்பத் ஒரு தாரை. மூத்தவர் சதம் அடித்தபோது மண்டி முழுவதும் எழுந்து நின்றது. கைதட்டல் ஆஸ்திரேலியாவை நோக்கி இருந்திருக்க வேண்டும். ஜன்னலை நோக்கி இருந்தது. சம்பத் செம்பை மார்போடு வைத்துக்கொண்டு கொஞ்சம் தலை குனிந்தார். இடுப்பு வேஷ்டியை அவர் இழுத்து விட்டுக்கொண்ட விதம்கூட எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

இடைவேளையில் நான் காதர் பாயிடம், "எப்பவும் ஒருத்தரே ஊத்தறது முறையில்லையே, மாத்தி மாத்தி வைக்கலாமே" என்றேன்.

"எனக்கென்ன சார். அவரு என்ன சொல்றாரோ."

சம்பத் திரும்பாமலே, "அனுபவ பாத்யதைன்னு ஒண்ணு இருக்கு ஓய்" என்றார். "செஞ்சிண்டு வரவன்கிட்டேருந்து பிடுங்கப்படாது."

இதை அவர் தம் அப்பாவிடம் கற்றார். அவர் அப்பா இதே வார்த்தையை என் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்.

அன்று வீட்டில் கோமளம் சாதத்தில் சாத்தமுது விட்டுக்கொண்டே, "அத்திம்பேர் கைராசி பாலக்கரை பூரா பேசறாளாமே" என்றாள். அவளிடம் இதைச் சொன்னது நான் இல்லை.

மறுநாள் எனக்கு அதிர்ஷ்டம் தைத் தேர்த் திருநாள் ரூபத்தில் வந்தது. தேர் முடிந்து, திருநாளின் கடைசி நாள். மத்தியானம் எங்கள் மண்டபத்தில் கோஷ்டி. எங்கள் வீட்டுக்கு என் தம்பி வரதன் போய் நின்றால் போதும். சம்பத்துக்கு உடன்பிறந்த ஆண் கிடையாது. அவர் போகாவிட்டால் மூன்றாவது இடத்தில் அடுத்த குடும்பம் ஏறிவிடும், ஏறியவர்கள் இறங்குவதில்லை. ஆகையால் சம்பத் வர முடியாது. செம்பையும் வீட்டுக்கு எடுத்துப்போயிருந்தார். வேறு யார் கையிலும் அது படக்கூடாது என்பது அவர் எண்ணமாக இருக்கலாம்.

எனக்கு அந்தச் செம்பு தேவைப்படவில்லை. கல்யாணத்தில் என் மாமனார் கொடுத்த வெள்ளிச் செம்பு இருந்தது. சம்பத்துக்கும் அதே மாமனார்தான். அவருக்குக் கொடுத்தது பித்தளை. இது தவிர நான் இன்னொரு ஏற்பாடும் செய்தேன். சம்பத் இத்தனை நாள் ஊற்றியது வெறும் முனிசிபல் குழாய்த் தண்ணீர். நான் அம்மா மண்டபத்தில் இறங்கி, ஸ்நானம் செய்து, ஒரு குடம் காவேரி எடுத்துக்கொண்டு அடுத்த பஸ் ஏறினேன். கண்டக்டர் குடத்துக்கு அரை டிக்கெட் போட்டார். போகட்டும் என்று கொடுத்தேன்.

காதர் பாய் குடத்தையும் செம்பையும் என்னையும் பார்த்தார். நாற்காலியைக் காட்டினார். மெத்தை நன்றாகத்தான் இருந்தது.

தாரையில் எனக்குப் பழக்கம் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சத்தம் வந்தது. முதல் சதக்காரர் சீக்கிரமே அவுட். நாற்பது தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பின. ஆனால் புதுப்பையன் நின்றான். அடித்தான். நான் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே அவனும் சதத்தைத் தாண்டினான். மண்டி எழுந்து நின்றது. நானும் செம்பை மார்போடு வைத்துக்கொண்டேன்.

"நேத்து ஊத்துன ஈரம்" என்றார் காதர் பாய், மனப்பூர்வமாக. எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

குடம் தீர ஆரம்பித்தது. தை மாசத்து வெயில், வெளியே மண் எவ்வளவு ஊற்றினாலும் குடித்தது. நான் தாரையை மெல்லியதாக்கினேன்; பிறகு சொட்டாக்கினேன். அப்பளச் சத்தம் வந்தது. அதற்கு நடுவே நம்மவர்கள் எல்லோரும் அவுட் என்றும், திரும்பவும் ஆட வேண்டும் என்றும் துண்டு துண்டாகக் கேட்டது.

"குழாய்த் தண்ணி ஊத்துங்க சார், இந்தா வாளி" என்றார் காதர் பாய்.

"காவேரி விட்ட இடத்துல குழாய்த் தண்ணியை எப்படி விடறது பாய்?"

"குழாய்லயும் காவேரிதான சார் வருது."

"அது குழாய் வழியா வருது."

அவர் வாளியைக் கீழே வைத்தார். ஸ்ரீரங்கத்துக்காரரிடம் தண்ணீரைப் பற்றி வாதாட வேண்டாம் என்று நினைத்திருப்பார். நான் குடத்தின் அடியில் இருந்ததை எல்லாம் ஒரே வீச்சில் கவிழ்த்தேன். ரேடியோ ஊளையிட்டது. ஊளை அடங்கியபோது வர்ணனையாளர் சொல்லிக்கொண்டிருந்தது தெளிவாகக் கேட்டது: இரண்டாவது இன்னிங்ஸ் தொடங்கி இன்னும் ஒரு ரன்கூட இல்லை, விக்கெட் இரண்டு.

யாரும் திட்டவில்லை. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அந்தோணிதான், "சாமி, அந்த வெள்ளிச் செம்பக் கொஞ்சம் கீழ வைங்க" என்றார். வைத்தேன்.

காதர் பாய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீங்களே போய் அவரைக் கூட்டிட்டு வந்துடுங்க சார். உங்க சொந்தக்காரரு. நாங்க கூப்பிட்டா மரியாதையா இருக்காது. அந்தோணி வண்டில போங்க, கூலி நான் குடுத்துடுறேன்."

இந்தப் பகுதிப் பிரயாணத்தை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். பாலக்கரையிலிருந்து ஸ்ரீரங்கம் வரை ஜட்காவில், உச்சிவெயில் ஏறுகிற நேரத்தில், தன் சகலையை அழைத்துவரப் போவது. பாலத்தில் மாட்டு வண்டிகள். அந்தோணி குதிரையை விரட்டிக்கொண்டே, "ஒரு கை தண்ணி ஊத்துறதுல என்னங்க இருக்கு, சாமி? ஆனா பாருங்க, அவரு ஊத்துனா வருது" என்றார். நான் வெறுங்குடத்தைக் காலுக்கிடையில் பிடித்துக்கொண்டு வந்தேன். அது குலுங்கும்போதெல்லாம் சத்தம் போட்டது.

மண்டபத்தில் பிரபந்த சேவாகாலம் முடிகிற சமயம். பஞ்சகச்சம், பன்னிரண்டு திருமண், கைகூப்பியபடி மூன்றாவதாகச் சம்பத். அவருக்குப் பின்னால் வரதன். நான் தூணோரமாகப் போய் அவர் காதருகில் நின்றேன். தோல் வாடைக்கு நாலைந்து பேர் மூக்கைச் சுளித்தார்கள்.

"ஸ்கோர் என்ன?" என்றார், உதட்டை அசைக்காமல்.

"ரெண்டு விக்கெட். ரன் இல்லை. பாய் உம்மை அழைச்சிண்டு வரச்சொன்னார்."

"நீர் என்னத்தை ஊத்தினீர்?"

"காவேரி."

"எவ்வளவு?"

"ஒரு குடம்."

சம்பத் கண்ணை மூடிக்கொண்டார். "யார் ஆடறா இப்போ?"

"நேத்து சதம் அடிச்சவர் இறங்கியிருப்பார்."

அர்ச்சகர் தீர்த்த வட்டிலை எடுத்துவிட்டார். இன்னும் இரண்டு நிமிஷம். சம்பத் வட்டிலைப் பார்த்தார். தமக்குப் பின்னால் நிற்கும் வரதனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நாலாவது இடத்துக்காரன் வந்து கூப்பிடுகிறான், கிளம்பினால் மூன்றாவது இடம் அவனுக்கு என்பதை அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். நான் வண்டியிலேயே போட்டுவிட்டேன். பிறகு அவர் மேல்வேஷ்டியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வரிசையைவிட்டு விலகினார்.

"தீர்த்தம்?" என்றேன்.

"தீர்த்தம் ஊத்தத்தானே ஓய் போறேன். நடயும்."

திரும்பிப் பார்த்தேன். வரதன் ஓர் அடி முன்னால் நகர்ந்து மூன்றாவது இடத்தில் நின்றான். மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பம் விரும்பியது ஓர் அடியில் நடந்து முடிந்தது. அப்பா இருந்திருந்தால் அழுதிருப்பார். எனக்கு அப்போது பாலத்தில் மாட்டு வண்டிகள் விலகியிருக்குமா என்ற கவலைதான் இருந்தது.

மண்டிக்குள் சம்பத் பன்னிரண்டு திருமண்ணுடன் நுழைந்தபோது காதர் பாய் எழுந்து கும்பிட்டார். பித்தளைச் செம்பை எடுத்துவர நேரம் இருக்கவில்லை. பாய் கடைத் தகரக் குவளை ஒன்றை நீட்டினார். சம்பத் வாளியில் மொண்டார். முனிசிபல் தண்ணீர். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். தாரை நூலாக இறங்கிற்று, ஓர் இடத்திலும் அறவில்லை. அப்பளச் சத்தம் ஒதுங்கி ஆஸ்திரேலியா உள்ளே வந்தது. நம்மவர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கம் விக்கெட்டுகள் விழுந்துகொண்டுதான் இருந்தன. இந்தப் பக்கம் அந்த ஒரு மனிதர் நின்றார். இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவர் இரண்டாவது இன்னிங்ஸிலும் சதம் அடித்தார். ஒரே டெஸ்டில் இரண்டு. நம்மவர் யாரும் அதுவரை செய்யாதது. மண்டியில் நாற்பது பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். என்னையும் ஒருவர் கட்டிக்கொண்டார். யார் என்று பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

சம்பத் அப்போது ஒரு காரியம் செய்தார். குவளையை என் பக்கம் நீட்டி, "ஓய், கடைசி ஓவர்தான். நீர் ஒரு கை விடும்" என்றார். சிரிப்பு இல்லை, குத்தல் இல்லை. நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். அதுதான் பொறுக்கவில்லை. நான் கையை நீட்டுவதற்குள், "வேணாம் சாமி" என்று மண்டியே ஒரு குரலில் சொல்லிற்று.

மறுநாள் ஆட்டம் தோற்றது, இன்னிங்ஸ் கணக்கில். அதைப் பற்றி யாரும் சம்பத்தைக் கேட்கவில்லை. தோல்வியில் அவருக்குப் பங்கு இல்லை போலும். அதற்கு இரண்டு நாள் கழித்து, டில்லியில் பிரார்த்தனைக்குப் போன மகாத்மாவைச் சுட்டுவிட்டார்கள்; நாடே இருண்டு போயிற்று. ஐந்தாவது டெஸ்டின்போது காதர் பாய் மண்டியில் அந்த ரேடியோவைக் கிரிக்கெட்டுக்காக யாரும் திருப்பவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இனி, போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஏழு மணி பஸ்ஸைத் தவறவிட வேண்டாம். அடுத்ததில் கூட்டம் தாங்காது. ஜட்காவுக்கு இரண்டணாவுக்கு மேல் கொடுக்க வேண்டாம், அந்தோணியாக இருந்தால் மட்டும் இரண்டரை கொடுக்கலாம். சாயம் ஒட்டும், பழைய வேஷ்டி கட்டிக்கொண்டு போகவும். காதர் பாய் காசு வாங்கமாட்டார். சோடா மட்டும் வரிசைப்படி வரும், கைநீட்டக் கூடாது. திரும்பும்போது அம்மா மண்டபத்தில் முழுக்கு. ஆற்றிலிருந்து தண்ணீர் எடுத்துப் போக வேண்டாம். மேற்கிந்தியர் ஆட்டம் நம் நாட்டிலேயே என்பதால் சிற்றலை தேவைப்படாது, எர்த்துக்கு அவ்வளவு தண்ணீரும் வேண்டியிருக்காது என்று பாய் சொல்கிறார். இந்தச் செய்தியைச் சம்பத்திடம் நான்தான் போய்ச் சொன்னேன். "அப்படியா, நல்லதாப் போச்சு. உட்கார்ந்து நிம்மதியாக் கேக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

பங்குனித் திருநாளில் எங்கள் மண்டபத்தில் மறுபடி கோஷ்டி நடந்தது. வரதனை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு நானே போனேன். மூன்றாவதாக நின்றேன். என் முன்னால் இரண்டே முதுகுகள். எனக்குப் பின்னால் நாலாவது இடத்தில் சம்பத். வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்பது மட்டும் அல்ல, அதற்காகவே சீக்கிரம் குளித்துவிட்டு வந்திருந்தேன். அவர் ஐந்தாவது இடத்துக்காரரிடம் தணிந்த குரலில் அந்த இரண்டாவது சதத்தை, பந்து பந்தாக, சொல்லிக்கொண்டிருந்தார். ஆறாவதும் ஏழாவதும் தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்னால் திரும்ப முடியாது. முன்னால் நிற்பவன் திரும்பக் கூடாது.

அர்ச்சகர் வந்தார். என் கையில் தீர்த்தம் சாதித்தார். வயதானவர், கை நடுக்கம்; தாரை இரண்டு இடத்தில் அறுந்து, பாதி புறங்கையில் வழிந்தது. நான் உறிஞ்சிக்கொண்டு, தலையில் தடவிக்கொண்டு, கடைக்கண்ணால் பின்னால் பார்த்தேன். சம்பத்தின் கையில் அதே தாரை அறாமல் விழுந்துகொண்டிருந்தது.